வட்டத்துக்குள் இருவர்

“நீ ஆம்பிளையா ஆடுறியாடி?”

ரோனா அப்படித்தான் கேட்டாள். கார்வெய்க் ஊர்க்கூடத்தின் சுவரோரப் பெஞ்சில், முழங்கால்களை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் இஷ்பெல் உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் அவள் வளர்ந்த வளர்த்திக்கு ஒரு பாவாடையும் ஈடுகொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்கும் அந்த வளர்த்திதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால், எழுந்து நிற்பதற்குள்ளேயே வகுப்பு சிரித்துவிடும். பதிலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் போனாள், மறுநாள் போகவில்லை. அவ்வளவுதான்.

பெஞ்சில் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்களை யாரோ வந்து கூப்பிட்டுப் போய்விட்டார்கள். கூப்பிட வந்தவர்களும் பெண்கள்தான். ஊர் இளவட்டத்தில் பாதிப்பேர் கப்பலில். மீதிப்பேர் கடல் தாண்டிப் பெருநிலத்தில் அணை கட்டும் வேலைக்குப் போயிருந்தார்கள். தீவில் மிச்சமிருந்த ஆண்கள் ஒன்று மூட்டுவலிக்காரர்கள், இல்லாவிட்டால் கணப்படுப்பைவிடக் குட்டையான பொடியன்கள்.

“சரி” என்றாள் இஷ்பெல்.

கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி இருந்தது. அதில் பழைய டைகள் சில தொங்கின. யார் கல்யாணத்திலோ அவிழ்த்துப் போட்டவை, யார் யாரோ மறந்துவிட்டுப் போனவை. ஆணாக ஆடுகிற பெண் ஒன்றை எடுத்து முழங்கைக்கு மேலே கட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சுழல்கிற சுழற்சியில் யாருக்கு எந்தக் கையைக் கொடுப்பது என்று எதிரில் வருகிறவர்களுக்குத் தெரியும். ரோனா மெரூன் நிற டை ஒன்றை உருவி, இஷ்பெலின் கையில் இறுக்கிக் கட்டினாள்.

“இப்ப நீ ஆம்பிளை. என் கையை நசுக்கிடாத, என் காலை மிதிச்சிடாத. அந்த விஷயத்துல மட்டும் அவனுங்கள மாதிரி ஆடாத.”

ரோனா ஊரிலேயே அழகி. வாயும் அதற்கேற்ற வாய். அவளோடு நடுக்கூடத்துக்குப் போனபோது எல்லோரும் தன்னைப் பார்ப்பதாக இஷ்பெலுக்குத் தோன்றியது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ரோனாவைத்தான் பார்த்தார்கள். ரோனாவின் பக்கத்தில் நிற்பது ஒரு மரத்தின் பின்னால் நிற்பதைப் போல இருந்தது. பயம் போய்விட்டது.

அது எட்டுப்பேர் ஆட்டம். நான்கு ஜோடிகள் கைகோத்து வட்டமாகச் சுற்றுவார்கள். முதலில் பெண்கள் ஒவ்வொருத்தியாக நடுவில் போய் நிற்க, மற்ற எல்லோரும் அவளைச் சுற்றி வருவார்கள். அவள் தன் ஜோடிக்கு முன்னால் காலடி வைத்து ஆடி, அவனோடு சுழன்று, பிறகு எதிர்ப்பக்கத்து ஆணோடும் சுழன்று, மூவரும் பின்னிக்கொண்டு ஓடுவார்கள். நாலாவது பெண் வட்டத்துக்குத் திரும்பியதும் அக்கார்டியனில் மெட்டு ஒரு புரட்டுப் புரளும். அந்தப் புரட்டில் முதல் ஆண் நடுவில் இறங்க வேண்டும். ரோனா எப்போதும் முதல் ஜோடியாகத்தான் நிற்பாள். ஆகவே முதல் ஆண், இஷ்பெல்.

அந்தப் புரட்டை அன்றைக்கு அவள் காதால் கேட்டாளா காலால் கேட்டாளா என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது நடுவில் இருந்தாள். ஊர் முழுக்கக் கைகோத்து அவளைச் சுற்றிக்கொண்டிருந்தது. கடையில் போய் உப்பு வேண்டும் என்று கேட்கக் கூசுகிற பெண், ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, மேய்ச்சல் மேட்டில் நாயைக் கூப்பிடுவதுபோல ஒரு கூவல் கூவினாள். அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்த முர்டோவுக்கே ஒரு ஸ்வரம் தவறியது. அப்போது அவனும் மீசை முளைக்காத பையன்.

“அது யாருடி, நம்ம இஷ்பெலா?” என்று யாரோ கேட்டார்கள்.

“இந்த நேரத்துக்கு மட்டும் அவ இஷ்பெல் இல்ல” என்றாள் ரோனா.

கடைசியாக ஒரு வால்ட்ஸ் உண்டு, இருவர் இருவராக மெதுவாகச் சுழல்கிற ஆட்டம். அதை யாரோடு ஆடுகிறாயோ அவர்தான் உன்னை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அது எந்தக் காலத்துப் பழக்கமோ, யாரும் மீறியது கிடையாது. ரோனாவின் வீடு சதுப்புநிலத்தைத் தாண்டி, ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம். இஷ்பெல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ரோனா ஆடிய காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸோடு பின்னால் வந்தாள். வழியெல்லாம் ரோனா பேசினாள். வீட்டு வாசலில், “நல்லா ஆடுறடி. யாருகிட்டயும் சொல்லிடாத, உன்னைக் கொத்திக்கிட்டுப் போயிடுவாளுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு ரோனாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஃபின்லே, சரக்குக் கப்பல்காரன். நல்லவன், சிரித்த முகம். ஆனால் அவனுக்கு விடுப்பு கிடைப்பதெல்லாம் கோடையில்தான். கோடையில் ஊர் புல் அறுக்கும், அடுப்பெரிக்கச் சதுப்பிலிருந்து புல்கரிக் கட்டி வெட்டும், ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும். யாரும் ஆட மாட்டார்கள். ஆட்டமெல்லாம் குளிர்காலத்துச் சமாச்சாரம். முதல் ஆலங்கட்டி மழை பெய்யும்போது அவன் எங்கோ வெயிலான துறைமுகத்தில் இருப்பான். ரோனா கதவுக்குப் பின்னாலிருந்து மெரூன் டையை எடுப்பாள்.

பிள்ளைகள் பிறந்தன, வளர்ந்தன, கிளாஸ்கோவுக்குப் போயின. தொலைக்காட்சி வந்தது. பக்கத்து ஊர்க்கூடத்தில் ஆட்டுத்தீவனம் அடுக்கினார்கள். அதற்கடுத்த ஊரில் கூரை போனதைத் திரும்பப் போடவில்லை. கார்வெய்க்கில் மட்டும் விளக்கு எரிந்தது. அதற்குக் காரணம் கூட்டம் போட்டுப் பேசியவர்கள் யாருமில்லை, இஷ்பெல்தான். அவள் செய்ததும் பெரிய காரியம் இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளிச் சமையற்கட்டு வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவாள். கதவு திறந்தால், “நாளைக்கு” என்பாள். அவ்வளவுதான் பேச்சு. காற்றிலும் மழையிலும் அத்தனை தூரம் நடந்து வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்கிறவளிடம் வரமாட்டேன் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் கூடத்தைத் திறந்து கணப்பு மூட்டுவாள். வழுக்குவதற்காகத் தரையில் மெழுகுவர்த்தியைச் சீவிப் போடுவாள். சின்னப் பிள்ளைகள் இருந்த காலத்தில் அவர்களைச் சாக்கின்மேல் உட்காரவைத்து இழுத்துத் தேய்ப்பார்கள். இப்போது பிள்ளைகள் இல்லை. சாக்கின்மேல் ஒரு கல்லை வைத்து அவளே இழுத்தாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பிறப்பதற்கு ஒரு நிமிஷம் முன்புவரை ஆட்டம் நடக்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முர்டோ வாசிப்பான். இப்போது எல்லோருக்கும் இடுப்பும் கண்ணும் போய்விட்டதால் மத்தியானம் தொடங்கி, ராச்சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முடித்துக்கொண்டார்கள். நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஆகவே ராத்திரியில் ஆடியது போலத்தான் இருக்கும்.

ஒரு வருஷம் வசந்தத்தில் ஃபின்லே ஓய்வு பெற்று ஒரேயடியாகக் கரைக்கு வந்துவிட்டான். வந்தவன் வீட்டுக்கு வெள்ளையடித்தான், கதவுக்கு நீலம் அடித்தான், கோழிக்கூண்டுக்கும் நீலம் அடித்தான். அடிக்க வேறொன்றும் இல்லாமல் போன அக்டோபரில் ரோனா இஷ்பெல் வீட்டுக்கு வந்தாள். இஷ்பெல் முற்றத்தில் கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள்.

“ஃபின்லே ஆட்டத்துக்கு வரானாம்” என்றாள் ரோனா.

“வரட்டும்.”

“வந்து பெஞ்சுல உக்காரதுக்கு இல்லடி. ஆடப் போறானாம்.”

இஷ்பெல் தவிட்டைப் பிசைந்தாள்.

“என்னோட” என்றாள் ரோனா.

“உன் புருஷன் உன்னோட ஆடாம என்னோடயா ஆடுவான்?”

“அவனுக்கு ஆடவே வராதுடி. கப்பல்ல நிக்கற மாதிரியே கால அகட்டி நிப்பான்.” ரோனா ஒரு கோழியைக் காலால் ஒதுக்கினாள். “ஆனா நான் எப்படி வேண்டாம்னு சொல்றது? இத்தனை வருஷமா, கரைக்கு வந்ததும் ஆடலாம் ஆடலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தவன்.”

“வேண்டாம்னு யாரு சொல்லச் சொன்னா?”

ரோனா பாவாடையில் ஒட்டிய தவிட்டைத் தட்டினாள். அப்புறம், “உன் கோழியெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். கோழிகளைப் பற்றி அவள் அதுவரை எதுவும் சொன்னதில்லை.

அன்றைக்கு முழுவதும் இஷ்பெல் தன்னிடமே கணக்குத் தீர்த்துக்கொண்டாள். ஆள் இல்லாத இடத்துக்குத்தான் தன்னை நிறுத்தினார்கள். ஆள் வந்துவிட்டான். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? ஆனால் ரோனாவோடு இல்லையென்றால் தான் யாரோடு ஆடுவது, வட்டத்துக்கு நடுவில் போய்க் கையைத் தூக்குகிற அந்த நேரம் இனி யாருடையது என்று நினைத்தபோது, இனிக் கூடத்தில் கணப்பு மூட்டவே கை வராது என்று தோன்றியது. இந்த ஒரு ஆட்டத்தை நடத்திக் கொடுத்துவிட்டுக் கூடத்துச் சாவியைப் பெகியிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அதன்பிறகு கதவைத் தட்ட ஆள் இருக்காது, ஆட்டமும் இருக்காது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

பெகிதான் ஆட்டத்துக்குத் தேநீர் போடுகிறவள். இடுப்பு எலும்பு மாற்றிய பிறகு ஆடுவதில்லை. ஆடுகிறவர்களைப் பற்றிப் பேசுவதோடு சரி. சனிக்கிழமை மத்தியானம் அவள் உலர்திராட்சை போட்டு அவித்த கேக்கை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது இஷ்பெல் சாவியை மேசைமேல் வைத்தாள்.

“இது எதுக்கு?”

“நீயே வெச்சுக்க. அடுத்த வாரத்துலேருந்து.”

பெகி சாவியைப் பார்த்தாள், இஷ்பெலைப் பார்த்தாள். “நான் எங்க மாட்டிக்கிறது? இடுப்புலயா? மாட்டினா டாக்டர் வெச்ச எலும்பு கழண்டு விழுந்துடும்.”

“யாருக்காவது குடு.”

“யாருக்கு? இங்க வர்றவங்க எல்லாம் உனக்காகத்தான் வராங்க. நீ வாசல்ல வந்து நின்னா கடன்காரன் வந்து நின்ன மாதிரி இருக்கு.” கத்தியைத் துடைத்தாள். “ஃபின்லே வரானாமே.”

“ஆமா.”

“ஓஹோ” என்றாள் பெகி. சாவியைத் தொடவில்லை.

ஃபின்லே கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். பொத்தான் போடவில்லை; போட முடியாது. எல்லோருக்கும் கை கொடுத்தான். கையோடு ஒரு பெரிய டார்ச் கொண்டுவந்திருந்தான், கப்பலில் வைத்திருந்தது. அதைக் கோட்டு மாட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, “இந்தச் சதுப்புல எப்படித்தான் நடந்து வர்றீங்களோ. நடுக்கடலே தேவலாம்” என்றான். ரோனா பச்சை உடுப்பு உடுத்தியிருந்தாள். அவள் இஷ்பெலின் பக்கம் பார்க்காமல் பார்த்தாள்.

முதல் ஆட்டங்கள் எப்படியோ போயின. ஃபின்லே இடப்பக்கம் போக வேண்டிய இடத்தில் வலப்பக்கம் போனான். போனாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனான்.

“தரை ஆடலைன்னா இவனுக்கு நிக்க வராது போல. யாராவது கூடத்தை ஆட்டுங்கப்பா” என்று பெகி தேநீர்ப் பானைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

“அலை எந்தப் பக்கமிருந்து வருதுன்னு சொன்னாத்தானே சமாளிக்கலாம்” என்றான் ஃபின்லே. எல்லோரும் சிரித்தார்கள். இஷ்பெலுக்கும் சிரிப்பு வந்தது. அவனை வெறுக்க முடிந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

முர்டோ எட்டுப்பேர் ஆட்டம் என்று அறிவித்தான். எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு வட்டத்துக்குத்தான் ஆள் இருந்தது, இஷ்பெலையும் சேர்த்தால். இஷ்பெல் பழக்கத்தில் கதவுக்குப் பின்னால் போய் மெரூன் டையை எடுத்துவிட்டாள். அப்போது நீல் வந்தான். முன்பு தபால் கொடுத்துக்கொண்டிருந்தவன். மனைவி போன பிறகு ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை.

“அதைத் தொங்கவிடு. இன்னைக்கு நீ பொம்பிளை. என்னோட வா.”

“எனக்கு அந்தப் பக்கம் வராது நீல்.”

“எனக்கு மட்டும் எந்தப் பக்கம் வருது? வா.”

டையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். முழங்கைக்கு மேலே எதையோ எடுத்துவிட்டதுபோல லேசாக இருந்தது. நீலின் இடப்பக்கம் போய் நின்றாள். அவன் அவள் தோளைப் பிடித்து வலப்பக்கம் நகர்த்தினான். எதிரே முதல் ஜோடியாக ஃபின்லேயும் ரோனாவும் நின்றார்கள். இத்தனை வருஷத்தில் ரோனாவின் முகத்தை அவ்வளவு தூரத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நின்றால் முகம் எங்கே தெரிகிறது.

பெண்களின் முறை. ரோனா நடுவில் போனாள், வந்தாள். அடுத்தவள் போனாள், வந்தாள். வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கியது. இஷ்பெலும் சுற்றினாள். சுற்றச் சுற்ற எல்லோரும் அவளையே பார்ப்பதுபோல இருந்தது. இந்தத் தடவை உண்மையாகவே பார்த்தார்கள். நடுவில் யாரும் இல்லை. எட்டுப்பேரும் காலித் தரையை வலம் வந்துகொண்டிருந்தார்கள்.

“நடுவுல யாராவது இருக்காங்களா, இல்ல என் கண்ணுதான் போயிடுச்சா?” என்றாள் பெகி.

“நீதான் இஷ்பெல்” என்று நீல் அவளை மெல்ல உள்ளே தள்ளினான்.

அவள் பாதி மெட்டு போன பிறகு நடுவில் நின்றாள். கை மேலே போகவில்லை. கூவல் வரவில்லை. வகுப்பில் எழுப்பி நிறுத்தியதுபோல இருந்தது. நீலோடு சுழன்றாள். எதிர்ப்பக்கத்து ஆண், ஃபின்லே. அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். பெரிய, காய்த்துப்போன, வியர்த்த கைகள்.

“எனக்கும் ஒரு மண்ணும் புரியல” என்றான் அவள் காதுக்கு மட்டும். “நீயும் நானும்தான் இங்க புதுசு.”

நான்காவது பெண்ணும் போய்த் திரும்பினாள். முர்டோ வழக்கமான இடத்தில் மெட்டைப் புரட்டினான்.

என்ன நடந்தது என்று பிற்பாடு பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். நடந்தது இதுதான். மெட்டு புரண்டதும் ஃபின்லே, அவன் முறை என்று ரோனா முதுகில் குத்தியதால், நடுவில் இறங்கினான். அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து இஷ்பெலும் இறங்கினாள். அவள் இறங்கவில்லை, அவளுடைய கால்கள் இறங்கின. பதினாறு வயதிலிருந்து அந்தப் புரட்டுக்கு அவை வேறொன்றும் செய்ததில்லை. வட்டத்துக்குள் இரண்டு பேர். இரண்டு பேரும் ரோனாவைப் பார்த்து நின்றார்கள்.

ரோனா தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு காலடி வைத்து ஆடினாள். பிறகு நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் கை கொடுக்க வேண்டும். ஃபின்லே கைகளை நீட்டித் தயாராக நின்றான். ரோனாவின் கைகள் அவனைத் தாண்டிப் போயின. அவள் யோசிக்கவில்லை; யோசித்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டாள். போன வேகத்தில் இஷ்பெலின் கைகளைப் பிடித்தாள், உடம்பைப் பின்னால் சாய்த்தாள், சுழன்றாள். இஷ்பெலின் தொண்டையிலிருந்து அந்தக் கூவல் தானாகக் கிளம்பி உத்தரத்தில் மோதியது. ரோனாவும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். பச்சை உடுப்பு விரிந்தது. எந்த வயதுக்காரி என்று அப்போது கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

சுழற்சி முடிகிற நேரத்தில்தான் இருவருக்கும் உறைத்தது.

ஃபின்லே நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். நீட்டிய கைகள் இன்னும் நீட்டியபடி இருந்தன. அவன் தன் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கோ ஒரு துறைமுகத்தில், தெரியாத ஊரின் விளக்குகளைப் பார்ப்பவனைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூடம் சிரிப்பதா வேண்டாமா என்று திகைத்தது. முர்டோ மட்டும் வாசிப்பை நிறுத்தவில்லை. யார் விழுந்தாலும் அவன் நிறுத்துவதில்லை. ஃபின்லே கைகளைக் கீழே விட்டான். பின்னாலேயே நடந்து, இஷ்பெல் விட்டுவிட்டு வந்த இடத்தில், நீலுக்கு வலப்பக்கம், பெண் நிற்கிற இடத்தில் போய் நின்றான்.

“என்ன பாக்குற? நான்தான் உன் ஜோடி” என்றான் நீலிடம்.

“மெதுவாப் பிடிம்மா. என் கை பழங்கை” என்றான் நீல்.

அப்போதுதான் கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே ஆட்டம் முடிந்தது. மிச்சமிருந்த ஆண்களின் முறையெல்லாம் எப்படிப் போயிற்று என்று இஷ்பெலுக்கு நினைவில்லை. முர்டோ கடைசி நீண்ட ஸ்வரத்தை இழுத்ததும் அவள் நேராகத் தேநீர் மேசைக்குப் போய், கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவத் தொடங்கினாள்.

“அதெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு” என்றாள் பெகி. பிறகு, “இந்தச் சாவி என் மேசையில இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு” என்றாள். இஷ்பெல் எடுக்கவில்லை.

ஃபின்லே தேநீருக்கு வந்தான். பெகி வேண்டுமென்றே சர்க்கரை தேடப் போனாள்.

“வேணும்னு செய்யல” என்றாள் இஷ்பெல். அவளைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

“தெரியும்.”

“கால் பழக்கம்.”

“அதுவும் தெரியும்.” அவன் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். “சனிக்கிழமை ஆனா நினைச்சுக்குவேன், இந்நேரம் ரோனா ஆடிக்கிட்டு இருப்பான்னு. யாரோடன்னு கேட்டா ‘இஷ்பெலோட’ம்பா. சரி, ஆள் இல்லாததுக்கு ஒரு ஆளுன்னு இருந்தேன்.”

“நானும் அப்படித்தான் இருந்தேன்.”

ஃபின்லே கொஞ்சம் குடித்தான். தேநீர் சூடாக இருந்திருக்க வேண்டும், கண்ணைச் சுருக்கினான். “அவ இப்படிச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாது” என்றான். “நான் வீட்டுல இருக்கும்போதும் சிரிப்பா. இது வேற.”

அவன் கோப்பையை வைத்துவிட்டுப் போய் ரோனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ரோனா அவன் கையைத் தட்டி, ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான். இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள். இஷ்பெல் துணியால் மேசையைத் துடைத்தாள். சாவி இருந்த இடத்தைச் சுற்றித் துடைத்தாள்.

“கடைசி வால்ட்ஸ்” என்றான் முர்டோ. “ஜோடியைத் தேடிக்குங்க. இருட்டிடுச்சு, வழி தெரியாதவங்க வழி தெரிஞ்சவங்களோட ஆடுங்க.”

ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு தடவையும் அவன் சொல்கிற வார்த்தைகள்; இதில் சேர்கிற ஜோடிதான் சேர்ந்து வீட்டுக்கு நடக்கும். நீல் தேநீர் மேசைப் பக்கம் பார்த்தான். இஷ்பெல் குனிந்துகொண்டாள். ரோனா காலணியின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் நிமிரும்போது ஃபின்லே எழுந்துவிட்டிருந்தான். கையை நீட்டுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ரோனாவும்தான், அவள் பாதி எழுந்தே விட்டாள்.

ஃபின்லே கூடத்தைக் குறுக்காகக் கடந்து, கோட்டுகள் மாட்டியிருந்த இடத்துக்குப் போனான். தன் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டான். தொப்பியை வைத்தான். அந்தப் பெரிய டார்ச்சை எடுத்து, வேலை செய்கிறதா என்று தன் உள்ளங்கையில் ஒருமுறை அடித்துப் பார்த்தான். விரல்களெல்லாம் சிவப்பாகத் தெரிந்தன. பிறகு அதை, அங்கே பலகையில் மடித்து வைத்திருந்த ரோனாவின் கோட்டுக்கு மேலே, உருண்டு விழாதபடி இரண்டு மடிப்புக்கு நடுவில் வைத்தான்.

பெகி பார்த்தாள். நீல் பார்த்தான். முர்டோ மெட்டின் தொடக்கத்தையே திரும்பவும் வாசித்து, நேரம் கடத்தினான். ரோனா பெஞ்சிலிருந்து பாதி எழுந்த நிலையிலேயே இஷ்பெலைத் திரும்பிப் பார்த்தாள்.

இஷ்பெல் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். மேசைமேல் இருந்த சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஃபின்லே கதவைத் திறந்தான். குளிர்க்காற்று உள்ளே வந்து, ஆணியில் தொங்கிய டைகளை அசைத்தது. வெளியே கும்மிருட்டு. அவன் காலை அகட்டி வாசற்படியில் ஒரு கணம் நின்று, இருட்டுக்குக் கண் பழகியதும் இறங்கிப் போனான்.